பத்தாம் பெட்டி

துறைமுக ஆய்வுக்கூடம்
22 பிப்ரவரி, சனி

நாத்தனார் மைனாவுக்கு அண்ணி எழுதுவது.

இவ்வாண்டின் எட்டாம் பெட்டி இத்துடன் வருகிறது. காய்ச்சல் பிரிவிலிருந்து இந்த வாரம் வந்த அறுபத்து மூன்று ரத்தச் சிலைடுகளும் வரிசை குலையாமல் உள்ளன. அறுபத்து மூன்றிலும் ஒன்றுமில்லை. இந்நாட்டின் கடைசி மலேரியா நோயாளி குணமாகி வீடு திரும்பிய நாளிலிருந்து பதினோர் ஆண்டுகளாக, சனிக்கிழமைதோறும் இந்த ஒன்றுமில்லையைப் பஞ்சு வைத்து அடுக்கி உனக்கு அனுப்புகிறேன். நீ தலைமை ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, நான் பார்த்ததைத் திரும்பப் பார்த்து, ஆம், ஒன்றுமில்லை என்று முத்திரை இடுகிறாய். பெட்டியின் மூடிக்குள் இப்படி ஒரு கடிதமும் வைக்கிறேன். தொலைபேசியில் நாம் பேசி ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன அல்லவா?

ஏன் பேசவில்லை என்பதை நீ மறந்திருக்கலாம். எனக்கு மறதி வாய்க்கவில்லை. மலேரியா ஒழிந்த நாடு என்று சான்றிதழ் வழங்கிய விழாவில், ‘கடைசிக் கிருமியைக் கண்ட கண்கள்’ என்று உன்னை மேடைக்கு அழைத்தார்கள். அந்தச் சிலைடை முதலில் பார்த்து, சிவப்பு மையால் சுழித்து, உறுதி செய்க என்று உனக்கு அனுப்பியவள் நான். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். இறைவன் முன்னிலையில் சொல்கிறேன், அந்தக் கைகள் அன்று என்னுடையவை அல்ல.

அதெல்லாம் பழங்கதை. புதிய கதை உன் சுற்றறிக்கை. அரையாண்டுத் தேர்வுக்கு நீ அனுப்பிய பத்துச் சிலைடுகளில் ஒன்பதைச் சரியாகப் படித்தேன். ஒன்றில் இருந்த கிருமியைத் தவறவிட்டேன். மறுப்பதற்கில்லை. அதற்காகத் துறைமுகத்தின் நுண்ணோக்கி மேசையையே மூடிவிட்டு, ஒரு சொட்டு ரத்தத்துக்கு ஒரு கோடு காட்டும் சோதனை அட்டைகளை வைக்கலாம் என்று பரிந்துரைத்திருக்கிறாயே, அது ஆய்வாளர் எழுதியதா, நாத்தனார் எழுதியதா? பணி ஓய்வுக்கு எனக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் உள்ளன. முப்பது ஆண்டுகளாக அந்த மேசையில் அமர்ந்தவளை எழுப்பிவிட்டுத்தான் நீ பதக்கத்தைத் துடைக்க வேண்டுமா?

கொசு ஒழிப்பு வேலை முடிந்து வந்த உன் அண்ணனிடம் சொன்னேன். கொசுப்புழு பிடிக்கும் கரண்டியைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

“பத்துக்கு ஒம்பது நல்ல மார்க்குதானே. ஆனா மைனா கண்ணு மைனா கண்ணுதான்.”

“அப்போ என் கண்ணு?”

“அது என்னைத் தேர்ந்தெடுத்த கண்ணு. அதுல கொஞ்சம் கோளாறு இருக்கத்தான் செய்யும்.”

உனக்குச் சிரிப்பு வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எனக்கு வரவில்லை.

அண்ணி


தலைமை ஆய்வுக்கூடம்
26 பிப்ரவரி, புதன்

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

பெட்டி வந்தது. அறுபத்து மூன்றும் சரி.

சுற்றறிக்கையை எழுதியது ஆய்வாளர். ஒரு கிருமியைத் தவறவிட்ட மேசை துறைமுகத்தில் இருந்தால், கப்பலில் இறங்கும் ஒரே ஒரு காய்ச்சல்காரர் போதும், பதினோர் ஆண்டு உழைப்பு வீணாகிவிடும். கொசு நம்மை விட்டுப் போகவில்லை; கிருமிதான் போயிருக்கிறது. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மேடையைப் பற்றி ஏழு ஆண்டுகளில் முப்பது முறையாவது எழுதிவிட்டீர்கள். அழைத்தார்கள், போனேன். ‘அண்ணிதான் முதலில் பார்த்தார்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை என்று இதுவரை எழுதி வந்தேன். தோன்றியது. சொல்லவில்லை. போதுமா?

என் பக்கத்தையும் ஒரு முறை கேளுங்கள். பயிற்சிப் பள்ளியில் நாம் இருவரும் ஒரே பெஞ்சு. துறைமுக மேசையைக் கேட்டு முதலில் விண்ணப்பித்தவள் நான். உங்களுக்குக் கல்யாணமாகி, கணவர் அதே ஊரில் இருக்கிறார் என்பதால் மேசை உங்களுக்குப் போனது. அந்தக் கணவர் யார்? என் அண்ணன். உங்களுக்கு அவரைக் காட்டியவள் யார்? நான். என் அண்ணனைக் கொடுத்தேன், மேசையையும் சேர்த்துக் கொடுத்தேன். உங்களிடம் வருவது அன்றைக்கு எடுத்த ரத்தம். என்னிடம் வருவது நீங்கள் பார்த்து முடித்த மிச்சம். இந்தக் கட்டடத்தில் குளிரூட்டி இருக்கிறது, பதக்கம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை.

சரி, ஒரு வாய்ப்பு. தேர்வை இனிப் பத்துச் சிலைடாகக் கட்டி அனுப்பப் போவதில்லை. அடுத்த தேர்வு சிலைடு சாயம் ஏற்றாமல், போலி நோயாளியின் படிவத்தோடு, உங்கள் காய்ச்சல் பிரிவின் அன்றாடச் சிலைடுகளுக்குள் கலந்து வரும். எந்த நாள் என்று சொல்ல மாட்டேன். கண்டுபிடித்தால் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். என் வாக்கு.

மைனா


துறைமுக ஆய்வுக்கூடம்
5 மார்ச், புதன்

மைனாவுக்கு,

உன் தூண்டிலில் மீன் சிக்கியது என்று எண்ணியிருந்தால் ஏமாந்தாய். தூண்டிலைத்தான் மீன் கண்டுபிடித்துவிட்டது.

எண் 4177. இன்று காலை வந்த பதினான்கில் ஒன்பதாவது. சாயமேற்றி, எண்ணெய்த் துளி வைத்து, முப்பத்தெட்டாம் பார்வைப் புலத்தில் கண்டேன்: சிவப்பணுவின் விளிம்பில் ஒட்டியபடி ஒரு மெல்லிய மோதிரம்; மோதிரத்தில் இரண்டு கல். உன் அம்மா எனக்குப் போடாமல் உனக்குப் போட்ட இரட்டைக்கல் மோதிரத்தை மறந்தவளா நான்? ஆளைக் கொல்லும் வகைதான். விதிப்படி இருநூறு புலங்களையும் எண்ணி முடித்தேன். மோதிரங்கள் நாற்பத்தொன்று. விடைத்தாள் இதுவே.

சிலைடு உன்னுடையது என்பதை எப்படி அறிந்தேன் என்று கேட்பாய். படிவத்தில் ‘வெல்டர்’ என்று தொழில் மட்டும் பெரிதாக இருக்கிறது; வெளிநாட்டுப் பயணம் என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. எந்த மருத்துவரும் விடாத கட்டம் அது. போலி நோயாளிக்குப் பயணம் எதற்கு என்று விட்டுவிட்டாய். அதைவிட, 4177 என்பதில் இரண்டு ஏழுகளின் இடுப்பிலும் குறுக்குக் கோடு. அப்படி ஏழு போடுகிறவர் இந்த உலகில் என் நாத்தனார் ஒருத்தியே என்று பயிற்சிப் பள்ளியிலேயே கேலி செய்திருக்கிறேன்.

உன் அண்ணன் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தார். சொன்னேன். அவர் முகம் மாறியது.

“போன் பண்ணிச் சொல்லிடேன். ஒருவேளை நிஜமா இருந்தா?”

“நிஜமா இருந்தா நான் ஏன் இப்படி சாவகாசமா உட்கார்ந்திருக்கேன்? அவ பரீட்சை வச்சா. நான் பெட்டியில விடைத்தாள் அனுப்புறேன். அதுதான் முறை.”

“வார்டுக்கு ரிப்போர்ட்டாவது போகட்டுமே.”

“இல்லாத நோயாளிக்கு ரிப்போர்ட் எதுக்குங்க?”

ஆகவே அவசரப் படிவம் எழுதவில்லை. சனிக்கிழமை பத்தாம் பெட்டியில் இந்தச் சிலைடு, தனிப் பஞ்சில், முதல் பள்ளத்தில் வரும். உன் வாக்கை நினைவில் வைத்திரு.

அண்ணி


தலைமை ஆய்வுக்கூடம்
13 மார்ச், வியாழன்
தடுப்புக் குழுவின் வண்டியில் கொடுத்தனுப்பியது

அண்ணி,

நேற்று அண்ணனுக்குப் போன் செய்து கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. போனை அவர் உங்கள் கையில் கொடுத்ததும் நீங்கள் ஒரு சொல்லும் பேசாமல் வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

4177 என் சிலைடு அல்ல. தேர்வுச் சிலைடுகள் இன்னும் நாட்டுக்குள்ளேயே வரவில்லை, சுங்கத்தில் நிற்கின்றன. அந்த ஏழுகள், மூன்றாம் தேதி உங்கள் காய்ச்சல் பிரிவில் சேர்ந்த புது மருத்துவருடையவை. பயணக் கட்டத்தை விட்டதும் அவரேதான். வெல்டர் நிஜமான மனிதர். வெளிநாட்டுக் கப்பல் பட்டறையில் மூன்று ஆண்டு வேலை செய்துவிட்டு ஜனவரிக் கடைசியில் திரும்பியவர்.

இவ்வளவும் அண்ணன் காலையில் சொன்னது. வெல்டரைத் தொழிலாளர் விடுதியில் கண்டெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்களாம், கண் மஞ்சளாம், பேச்சுக் குழறுகிறதாம். பிழைத்துவிடுவாரா என்று மருத்துவரைக் கேட்டேன். ‘அங்கே பல தடவை இந்தக் காய்ச்சல் வந்திருக்கு, உடம்பு கொஞ்சம் பழகியிருக்கு, அதுதான் நமக்கு நம்பிக்கை’ என்றார்.

இப்போது உங்களுக்கு மட்டும் ஒன்று. பத்தாம் பெட்டி எனக்குத் திங்கள் காலையே வந்துவிட்டது. மூடியைத் திறந்தேன். உங்கள் கடிதத்தின் முதல் வரியைப் பார்த்தேன். இவருடைய எகத்தாளத்தை இன்றைக்குப் படிக்க முடியாது என்று மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு நாள். புதன்கிழமைதான் எடுத்தேன். உங்கள் ஐந்து நாளோடு என் இரண்டும் சேர்ந்து ஏழு. நோயாளியைக் கண்ட இருபத்து நான்கு மணி நேரத்தில் அறிவிக்க வேண்டும் என்பது விதி.

விசாரணை வரும். இரண்டு கட்டங்கள் கேட்பார்கள்: கண்டறிந்த நாள், அறிவித்த நாள். உண்மையை எழுதினால் உங்கள் மேசை அந்த நிமிடமே போய்விடும். நான் ஒரு வழி சொல்கிறேன். காய்ச்சல் பிரிவில் கூட்டம் அதிகம், சில சிலைடுகள் படிக்கப்படாமலே பெட்டியில் வந்தன, 4177 அவற்றில் ஒன்று, அதைப் புதன்கிழமை நான் படித்துக் கண்டேன், அன்றே அறிவித்தேன் என்று எழுதிவிடலாம். படிக்காமல் விட்டது சின்னக் குற்றம். கண்டும் சொல்லாமல் இருந்தது பெரிய குற்றம். உங்கள் கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன். பெட்டியில் நாம் என்ன எழுதிக்கொள்கிறோம் என்பது வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு வரி பதில் போதும்.

மைனா


துறைமுக ஆய்வுக்கூடம்
16 மார்ச், ஞாயிறு

மைனாவுக்கு,

கிழிக்காதே.

முதலில் அந்த மனிதரைப் பற்றி எழுதிவிடுகிறேன். புதன் மாலை நானும் உன் அண்ணனும் விடுதிக்குப் போனோம். பட்டறைக்குப் பின்னால் இரண்டு மாடி. அறைக்கு ஆறு கட்டில். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முப்பது வயது கூட இராது. ‘ஐயா, உங்க ரத்தத்தைப் பார்த்தவ நான்’ என்றேன். மெல்லத் திரும்பினார். “ரிப்போர்ட் வந்துடுச்சாம்மா? நாலு நாள் வரிசையில போய்க் கேட்டேன். வரலன்னாங்க. ஒண்ணும் இல்லாததால வரலபோலன்னு விட்டுட்டேன்.” மைனா, முப்பது ஆண்டுகளில் அதைவிடக் கொடிய சொல்லை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அவர் அதை வசையாகச் சொல்லவுமில்லை.

இன்று காலை கண் திறந்து கஞ்சி குடித்தார். சிறுநீரகம் தேறி வருகிறதாம்.

இனி உன் வழி. இரண்டு முறை படித்தேன். கனிவோடு எழுதியிருக்கிறாய் என்று முதல் முறை தோன்றியது, கண் கலங்கியது. இரண்டாம் முறை படித்தபோது ஒரே ஒரு சொற்றொடர் மேலே எழுந்து நின்றது: ‘நான் படித்துக் கண்டேன்.’ பதினோர் ஆண்டுகளுக்கு முன் கடைசிக் கிருமியைக் கண்டவள் நீ. பதினோர் ஆண்டுகள் கழித்து வந்த முதல் கிருமியைக் கண்டவளும் நீயா? என்னைக் காக்கிறேன் என்று சொல்லி, என் கண்ணையல்லவா கேட்கிறாய்?

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்; ஒப்புக்கொள்ளாமல் தொழுவதற்கு உட்கார முடியவில்லை. ‘இன்றும் இல்லாதிருக்கட்டும்’ என்றுதான் ஒவ்வொரு காலையும் வேண்டிக்கொண்டு நுண்ணோக்கியில் கண் வைப்பேன். அந்த மோதிரத்தைக் கண்ட கணத்தில் என் நெஞ்சு மகிழ்ந்தது. பயந்திருக்க வேண்டிய நெஞ்சு. பிறகுதான் அந்த ஏழுகளைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன். நோயாளியை நான் பார்க்கவே இல்லை. எந்த மருத்துவரும் விடாத கட்டம் என்று எழுதினேனே, அதை விடுகிற மருத்துவரும் இருக்கலாம் என்று ஒரு நொடி எண்ணியிருந்தால் போதுமே. எண்ண விடவில்லை, உன்னை வெல்ல வேண்டும் என்ற வெறி. ஆன்றோர் இதை அழுக்காறு என்றார்கள். அந்தச் சொல்லைப் பிறருக்கு எத்தனை முறை விளக்கியிருப்பேன்.

ஆகவே பதிவேட்டில் நானே எழுதிவிட்டேன்: கண்டறிந்த நாள் ஐந்து மார்ச், கண்டவர் துறைமுக ஆய்வாளர், அறிவிக்காத காரணம், தேர்வுச் சிலைடு என்று தவறாகக் கருதியது. குற்றம் என்னுடையது, கண்ணும் என்னுடையது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை உன்னிடம் தர இயலாது. இது அறத்தின் பொருட்டா, ஆங்காரத்தின் பொருட்டா என்று கேட்காதே. நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். நேரான பதில் வரவில்லை.

உன் இரண்டு நாளைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அது உன் கணக்கு.

அண்ணி


தலைமை ஆய்வுக்கூடம்
19 மார்ச், புதன்

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்து, மேசையில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டேன். உங்களைக் காப்பாற்ற வந்தவளுக்கு நல்ல மரியாதை. பிறகு ஒரு மணி நேரம் கழித்து, ‘நான் படித்துக் கண்டேன்’ என்பதை எழுதும்போது என் கை எவ்வளவு அழகாக எழுதியிருந்தது என்று நினைவு வந்தது. அதனால் இதற்கு மேல் சண்டை போடவில்லை.

ஆனால் வேறொன்று செய்தேன். உங்கள் சிலைடை எடுத்து மறுபடி நுண்ணோக்கியில் வைத்தேன். நாற்பத்தொன்று என்று எழுதியிருக்கிறீர்களே, ஒன்றாவது கூடக் குறைய இருக்காதா என்று. உண்மையைச் சொல்கிறேன், தப்புக் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். இருநூறு புலமும் எண்ணினேன். நாற்பத்தொன்று. எரிச்சலாக இருந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை. முந்நூறு போனேன். முந்நூற்று நாற்பத்தேழாம் புலத்தில், தடித்த ரத்தப் பூச்சின் ஓரத்தில், ஒரு பிறை.

ஒரே ஒரு பிறை. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறைதான்.

உங்களுக்குத் தெரியும், குழுவினருக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும். மோதிரம் மனிதரைத்தான் படுக்க வைக்கும். கொசு எடுத்துப் போய் இன்னொருவருக்குக் கொடுப்பது பிறை வடிவக் கிருமியை. ஐந்தாம் தேதியே அவர் ரத்தத்தில் பிறை இருந்தது என்றால், நாம் எகத்தாளம் எழுதிக்கொண்டிருந்த ஏழு நாளும் அந்த விடுதியில் அவரைக் கடித்த ஒவ்வொரு கொசுவும் அதை எடுத்திருக்கலாம். மோதிரம் மட்டும் என்றால் சுற்றுவட்டாரக் கண்காணிப்பு இரண்டு வாரம். இருபத்தாறாம் தேதி குழு மூட்டை கட்டிவிடும். பிறை என்றால் நாற்பது நாள். நாற்பது நாளுக்கு ஆணை வாங்கிவிட்டேன். விடுதியில் காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, ஒருவர் விடாமல் மூன்று சுற்று ரத்தம் எடுங்கள்.

நீங்கள் இருநூறோடு நிறுத்தியது தப்பில்லை. விதி அவ்வளவுதான். வேறு யாருடைய சிலைடாக இருந்தாலும் நானும் நிறுத்தியிருப்பேன்.

பதிவேட்டின் என் பக்கத்தில், பெட்டி வந்த நாள் திங்கள், திறந்த நாள் புதன் என்று எழுதிவிட்டேன். நீங்கள் மட்டும் உத்தமியாக நிற்க நான் விடுவேனா?

மைனா


துறைமுக ஆய்வுக்கூடம்
9 ஏப்ரல், புதன்

மைனாவுக்கு,

நேற்று போனில் உன் அண்ணன் சொல்லியிருப்பார். ஆனாலும் நான் எழுத வேண்டும்.

விடுதியில் தங்குவோரும் அண்டை வீட்டாருமாக நூற்றுப் பதினெட்டுப் பேர். முதல் சுற்றிலும் இரண்டாம் சுற்றிலும் ஒன்றுமில்லை. மூன்றாம் சுற்று நேற்று முன்தினம் முடிந்தது. இம்முறை ஒரு சிலைடுக்கு ஐந்நூறு புலம் என்று வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, முந்நூற்று நாற்பத்தேழு என்ற எண் தொண்டையில் முள்ளாக நின்றது. எழுபத்திரண்டாம் சிலைடு, நானூற்றுப் பன்னிரண்டாம் புலம்: ஒரு மோதிரம்.

விடுதியின் சமையற்காரம்மா. இந்த ஊரை விட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை. ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றதற்கு என்னோடு மல்லுக்கு நின்றார்.

“எனக்குத்தான் காய்ச்சலே இல்லையேம்மா.”

“உடம்பு சுடுதே.”

“இருபது வருஷமா அடுப்புகிட்ட நிக்கிறவளுக்கு எது காய்ச்சல், எது அனல்னு எப்படிம்மா தெரியும்? அறுபது பேருக்கு மதியச் சோறு யார் போடுறது?”

உன் அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “நான் போடுறேன், நீங்க வண்டியில ஏறுங்க” என்றார். அவர் போட்ட சோற்றைப் பற்றி விடுதியார் சொன்னதை இங்கே எழுத இயலாது. அந்த அம்மாளுக்கு மூன்று நாள் மாத்திரை. இரண்டாம் நாளே சமையலறையில் என்ன நடக்கிறது என்று ஆளனுப்பிக் கேட்கத் தொடங்கிவிட்டார். நோய் முற்றுவதற்கு முன் பிடித்தோம், பிறை தோன்றுவதற்கு முன் பிடித்தோம் என்று மருத்துவர் சொன்னார். வெல்டர் முற்றிலும் தேறிவிட்டார்.

ஆனால் இது இங்கேயே தொற்றியது. பதினோர் ஆண்டுகளில் முதல் உள்ளூர்த் தொற்று என்று உலகப் பட்டியலில் ஏறும். இவ்விருவரோடு நின்றால் சான்றிதழுக்குக் கேடில்லையாம். அந்த அம்மாளைக் கடித்த கொசு, வெல்டரின் ரத்தத்தை எந்த நாளில் குடித்தது? நான்காம் தேதியாக இருந்தால் நம் மீது பழியில்லை. ஐந்திலிருந்து பத்துக்குள் என்றால் என் கொசு. பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால் உன்னுடையது. யாராலும் சொல்ல முடியாது. அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன் மாடித் தொட்டியில் கொசுப்புழுக்களைப் பிடித்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். ஊரில் சாக்கடையெல்லாம் மருந்தடித்தாகிவிட்டதே, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “அது வேற கொசும்மா. இது சாக்கடைப் பக்கமே போகாது. நல்ல தெளிஞ்ச தண்ணியாப் பார்த்துத்தான் முட்டை போடும். சுத்தமா இருக்கிற இடத்துல நாம தேடுறதே இல்ல” என்றார். என்னை நோக்கி அவர் சொல்லவில்லை. ஆனாலும் அன்று தொழுகையில் எனக்கு அந்தச் சொல்தான் ஓடிற்று.

இருபத்தாறாம் தேதி குழு போயிருந்தால் அந்த அம்மாளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உன் பிறை பிடித்துக் கொடுத்தது. நன்றி என்று நாவால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன். நன்றி. என் தப்பைத் தேட உட்கார்ந்தாய் என்பதையும் நான் மறக்கவில்லை.

அண்ணி


தலைமை ஆய்வுக்கூடம்
24 ஏப்ரல், வியாழன்

அண்ணி,

நாற்பது நாள் முடிந்தது. மூன்றாவது ஆள் இல்லை. சான்றிதழ் நிலைத்தது. மற்றது எதுவும் நிலைக்கவில்லை.

ஆணை நாளைக்கு உங்களுக்கு வரும். என் வாயால் முதலில் கேட்பது நல்லது. துறைமுக மேசை மூடப்படாது. சோதனை அட்டை பிறையைக் காட்டியிருக்காது, ஐந்நூறு புலமும் தேடியிருக்காது என்று விசாரணைக் குழுவே எழுதிவிட்டது. ஆனால் கண்டும் அறிவிக்காதவர் அந்த மேசையில் இருக்கக் கூடாதாம். உங்களுக்கு ஓய்வு வரை சாயக் கிடங்குப் பொறுப்பு.

எனக்கு இங்கே தலைமைப் பொறுப்பு போய்விட்டது. பெட்டியைத் திறக்காமல் வைத்தவள் மறு ஆய்வு செய்யக் கூடாதாம். இடமாற்றம். எங்கே என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

நான் கேட்கவில்லை, அண்ணி. அம்மா மீது சத்தியம். முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்டேன், அப்போது தரவில்லை. இப்போது தண்டனையாகத் தருகிறார்கள். இப்படிக் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படவில்லை என்று எழுதினேன், அடித்துவிட்டேன். கடிதத்தில் பொய் எழுதி என்ன கண்டோம்? ஆணையைப் படித்ததும் ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு சாப்பிட முடியவில்லை.

அடுத்த வியாழன் வருகிறேன். ஏதாவது பெண்கள் விடுதியில் அறை கிடைக்குமா என்று பாருங்கள்.

மைனா


துறைமுகம்
26 ஏப்ரல், சனி

மைனாவுக்கு,

விடுதியா? உன் அண்ணன் நேற்றிலிருந்து மாடி அறையைக் கழுவிக்கொண்டிருக்கிறார். நான் மணமாகி வந்தபோது அந்த அறைக்கு அவர் ஒரு வாளித் தண்ணீர் கூட ஊற்றியதில்லை. “மைனாவுக்குத் தூசி ஒத்துக்காது” என்கிறார். எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முப்பது ஆண்டுகளில் ஒரு நாள் கேட்டதுண்டா? நீ எங்கள் வீட்டில்தான் தங்குகிறாய். வேண்டாம் என்று எழுதவும் முடியாது. இதுதான் கடைசிப் பெட்டி, இனி உனக்குக் கடிதம் அனுப்ப எனக்குப் பெட்டி இல்லை.

ஆணையைப் படித்தேன். அழவில்லை என்று எழுதினால் உன்னைப் போல நானும் அடிக்க வேண்டியிருக்கும். நானே எழுதிய தேதி, நானே இட்ட கையெழுத்து. யாரைக் குறை சொல்ல? என் மேசையில் வேறு எவர் உட்கார்ந்தாலும் பொறுத்திருப்பேன். நீ உட்காருவதைத்தான் என்னால் பார்க்க முடியாது. வேறு எவர் உட்கார்ந்தாலும் எனக்கு உறக்கம் வராது என்பதும் உண்மை. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கின்றன என்று ஆண்டவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சில குறிப்புகள். நுண்ணோக்கியின் இடப்பக்கத் திருகு அரைச்சுற்று பின்னுக்கு நழுவும், பிடித்துக்கொண்டு திருப்பு. காலை பத்து மணிக்கு மேல் சன்னல் வெயில் கண்ணில் அடிக்கும், திரை உண்டு. காய்ச்சல் பிரிவு மருத்துவர் இப்போது பயணக் கட்டத்தை நிரப்புகிறார். வெறுமையாக இருந்தால் நடந்து போய்க் கேள், நாற்பது அடிதான். படித்து முடித்த சிலைடு எதுவாயினும், அன்று மாலைக்குள் அறிக்கை போக வேண்டும், அது உன் பரம விரோதி அனுப்பியதே ஆனாலும்.

கிடங்கு உன் மேசைக்கு நேர் எதிரே, நடையின் மறுபக்கம். கதவைத் திறந்தே வைத்திருப்பேன். அங்கிருந்து பார்த்தால், நீ எத்தனை புலம் எண்ணுகிறாய் என்று உன் கைவிரல் அசைவிலேயே எனக்குத் தெரியும். இருநூறில் நிறுத்தினால் குரல் கொடுப்பேன்.

நாற்காலியின் உயரத்தை மட்டும் மாற்றாதே.

அண்ணி